பெட்டி பெரிது, அடிநாதம் சிறிது

பேஸ் கிதார்காரர்களிடம் ஒரு வேதவாக்கு உண்டு: பத்து அங்குல ஸ்பீக்கர் சுருக்கென்று பேசும்; பதினைந்து அங்குலம் அடிவயிற்றிலிருந்து உறுமும். ஸ்பீக்கரின் வடிவமைப்பு, பெட்டியின் கொள்ளளவு, அதில் காற்றுத்துளை உண்டா இல்லையா என்பதெல்லாம் வேண்டாத விவரம். அங்குலத்தைச் சொன்னால் போதும், ஜாதகமே கணித்துவிடுவார்கள்.

இந்த வேதவாக்கைச் சோதிக்க ஒரு பெட்டி போதும். 1969-இல் ஆம்பெக் நிறுவனம் 300 வாட் எஸ்விடி ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்தது. அதற்கு ஜோடி, எட்டுப் பத்து அங்குல ஸ்பீக்கர்களை அடைத்த, காற்றுத்துளை இல்லாத பெட்டி. செல்லப்பெயர் ‘ஃப்ரிட்ஜ்’. அதன் வாரிசான 810ஈ மாடல் 60 கிலோவுக்கு மேல். நான்கு தந்தி பேஸின் ஆகத் தாழ்ந்த ஸ்வரம் 41 ஹெர்ட்ஸ். பெட்டியோ 58 ஹெர்ட்ஸிலேயே சத்தத்தைக் குறைத்துக்கொள்ளத் தொடங்குகிறது. நாம் ‘என்ன ஆழம்!’ என்று சிலிர்ப்பது பெரும்பாலும் அந்த ஸ்வரத்தோடு சேர்ந்து 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் மேல்ஸ்வரத்துக்கு.

இருவர் மூச்சு வாங்க இந்தப் பெட்டியை மேடையேற்றி நிறுத்தியதும் சவுண்ட் இன்ஜினியர் வருவார். கைக்கடக்கமான டிஐ (நேரடி இணைப்பு) பெட்டியில் ஒரு வயரைச் செருகி, ஒலியை நேரே அரங்கத்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பிவிட்டு, “மேடையில கொஞ்சம் சத்தத்தைக் குறைங்க” என்பார்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஸ்பீக்கரை அளப்பதற்கு முன் வீட்டுப் படிக்கட்டை அளந்துவிடுங்கள்.