டிராகனைச் சாய்ச்சவன் சில்லறை எண்ணுதான்

ஏலே பேராண்டி, நீயும் ஒன் சேக்காளியளும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடுததை நானும் கட்டில்ல கெடந்து கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். டிராகன் சட்டுனு செத்துப்போவுது. அது படுத்துக் கெடந்த காசைப் பங்கு போடத்தான் கோழி கூப்புடுது!

பத்து செம்புக்கு ஒரு வெள்ளி, அஞ்சு வெள்ளிக்கு ஒரு எலெக்ட்ரம், ரெண்டு எலெக்ட்ரத்துக்கு ஒரு தங்கம், பத்து தங்கத்துக்கு ஒரு பிளாட்டினம். அந்த எலெக்ட்ரத்தை எவனாவது ஆசைப்பட்டுக் கேட்டிருக்கானால? போதாததுக்கு, அஞ்சாம் பதிப்புல 50 காசு ஒரு பவுண்டு கனமாம். மந்திரவாதியா வந்த பய உக்காந்து வகுத்தல் போடுதான். கணக்குப் பரீச்சையன்னைக்கு வயித்துவலின்னு சுருண்டு படுத்த பயதானல அவன்?

பழைய ஆளுவளைக் கொறை சொல்லாத. 1974-ல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் இந்த ஆட்டத்தைக் கொண்டாந்தப்ப, எண்ணுததுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. கொண்டாந்த தங்கக்காசு ஒண்ணுக்கு ஒரு அனுபவப் புள்ளி. பின்னால வந்த அட்வான்ஸ்டு பதிப்புல பத்து காசே ஒரு பவுண்டு. அள்ளுனா நடை தளரும். தளந்தா, சுத்தித் திரியுத பூதம் புடிச்சுக்கும். போட்டுட்டு ஓடுனா புள்ளி போச்சு. அந்த இழுபறிதாம்ல ஆட்டமே! நீ என்னடான்னா புள்ளியை வேற வழியா வாரிக் குடுத்துட்டு, மூட்டையை மட்டும் எடை போடுத. சம்பளமில்லாத கணக்கப்பிள்ளை!

அம்பு எத்தனைன்னு எழுதி அழிச்சு எழுதித் தாளு ஓட்டையாவுதுல்லா? 2016-ல டேவிட் பிளாக் ‘தி பிளாக் ஹேக்’ங்குத ஆட்டத்துல அதுக்கு வழி சொல்லிட்டாரு. எண்ணிக்கையை விடு, அம்புக்கூட்டுக்கு ஒரு பகடையைக் குடு. எட்டு முகம்னு வச்சுக்க. எய்தாச்சுன்னா பொறவு ஒரு உருட்டு. ஒண்ணோ ரெண்டோ விழுந்தா அது ஆறு முகமாவும், இன்னொருக்கா விழுந்தா நாலு முகம். அதுலயும் விழுந்தா கூடு காலி. நானும் வெரலை மடக்கிப் பாத்தேன், சராசரியா ஒம்பது உருட்டு தாங்குது. ஆனா மூணுலயே கவுத்தாலும் கவுக்கும். எண்ணி வச்ச இருவது அம்புல இந்தப் பயம் வருமால?

சாப்பாடு, படுக்கை, சாராயம்னு தனித்தனியா எழுதுததையும் நிப்பாட்டு. அடக்கமான பொழைப்புக்கு நாளுக்கு ஒரு தங்கம்னு நீ தலைக்கு வச்சுப் படுக்க அஞ்சாம் பதிப்புப் புஸ்தகத்துலயே கெடக்கு. படிச்சாத்தான!

‘பிளேட்ஸ் இன் த டார்க்’ங்குத ஆட்டத்துல கள்ளனுவ கெளம்பும்போது லேசா, நடுத்தரமா, பாரமான்னு மட்டும் சொல்லுவானுவ. சுமை 3, 5, இல்ல 6. உள்ள போன பொறவு, ‘இந்தா கயிறு’ன்னு எடுத்துக்கலாம். திருடப் போறவன் ரசீது போட்டுட்டா போவான்?

ஆனா தீப்பந்தத்தை மட்டும் விட்டுராத. 2023-ல வந்த ‘ஷேடோடார்க்’ ஆட்டத்துல பந்தம் நெசமாவே ஒரு மணி நேரந்தான் எரியும், நம்ம செவுத்துக் கடியாரப்படி. முள்ளு நவுருததைப் பாத்தா ஒரு பயலும் சில்லறை பேச மாட்டான்.

அதுக்கு மேலயும் ஒருத்தன் செம்புக்காசை எண்ணியே தீருவேன்னா தடுக்காத. பொருளாளர்னு பட்டங்கட்டி, மொத்த மூட்டையையும் அவன் தலையில ஏத்திரு. பந்தம் அணைஞ்சு எல்லாவனும் ஓடுதப்ப, கடைசியா ஒருத்தன் வரணும்லா? பூதத்துக்கும் பசிக்கும்ல.