லாரிக்கு ஏம்ல தொப்பை?

ஏல பேராண்டி, பழைய லாரி ஒண்ணு வாங்கிட்டியாமே? மூக்கு நீண்டு, நட்சத்திரம் ஒட்டுன டாடா பென்ஸ். செம்பூர்ல நிறுத்தி, கலர் பல்பு மாட்டி, உள்ள காப்பிக் கடை போடப் போறியாம். போடு, யாரு வேண்டாம்னா? தாராவியில தோலும் பானையும் சுமந்த வண்டி. இனிமே நுரை வச்ச காப்பியைச் சுமக்கட்டும்.

ஆனா டயர் விசயத்துல என்ன கூத்துல பண்ணுத? ஃபோன்ல படம் காட்டுத. அமெரிக்காக்காரன் லாரியாம், டயரு கொழுத்துக் கெடக்கு. அதே மாதிரி வேணுமாம். லாரிக்கு எதுக்குல தொப்பை?

மொதல்ல வண்டி வயசைத் தெரிஞ்சுக்க. டாடாவோட டெல்கோ கம்பெனிக்காரன் பென்ஸோட கைகோத்தது 1954ல. 15 வருச ஒப்பந்தம். 1969ல முடிஞ்சுது, நட்சத்திரம் எறங்கி 'டி' ஏறிச்சு. 50 வயசு தாண்டிட்டுல்லா, 'விண்டேஜ்' நம்பர் வாங்கலாம்னு எவனாவது ஒன் காதுல ஓதியிருப்பான். 2021ல வந்த விதியை வாசிச்சுப் பாரு. 'விஏ' எழுத்து போட்ட அந்த விண்டேஜ் நம்பரு டூவீலருக்கும் காருக்கும்தான். லாரி கிழவனானாலும் கூலிக்காரன்தாம்ல.

சரி, அளவுக்கு வா. அந்த வண்டியில நாங்க பெரும்பாலும் பாத்தது 9.00-20. 9 இஞ்சு பேருக்கு டயரோட அகலம், 20 இஞ்சு ரிம்மோட குறுக்களவு. நடுவுல கோடு இருந்தா நைலான் டயரு, 'ஆர்' இருந்தா ரேடியல். ஒரே ஆக்சில்ல ரெண்டையும் கலக்காத. '16 பிஆர்'னு போட்டிருந்தா உள்ள பதினாறு அடுக்குத் துணி இருக்குன்னு எண்ணாத, அது பலத்துக்கு வச்ச கணக்கு. இதைப் படிக்க இன்ஜினியர் காலேஜுக்கா போவணும்?

டயர்ல உள்ள எழுத்தை மட்டும் நம்பிக் கடைக்கு ஓடிராத. ஒனக்கு முந்தி வச்சிருந்த சேட்டு கெடைச்சதை மாட்டி ஓட்டியிருப்பான். ரிம்முல துருவைத் தேய், அகலம் குத்தியிருக்கும். 9.00 டயருக்கு 7.0 ரிம்மு, 10.00 டயருக்கு 7.5.

"ஒரு சைஸ் ஏத்தி 10.00 போட்டா கம்பீரமா இருக்கும்லா"ங்க. இருக்கும். வண்டி ஒண்ணேகால் இஞ்சுக்கு மேல உசரமான சக்கரத்துல உருளும். மீட்டர் 40 காட்டும்போது வண்டி 41ஐத் தாண்டியிருக்கும். பவர் ஸ்டீரிங் இல்லாத வண்டியில அந்த அகலத்தைத் திருப்ப ஒன் ஜிம் கை போதுமா? கண்டாலா ஏத்தத்துல இஞ்சின் மூச்சு வாங்கும். அதைவிடப் பெரிய வினை பின்னாடிதான். அங்க ரெண்டு ரெண்டா ஜோடி டயர். நடுவுல சந்து விட்டுத்தான் ரிம்மு செஞ்சிருக்கான். நீ கொழுத்ததைத் திணிச்சா ரெண்டும் ஒண்ணோடொண்ணு ஒரசும், சூடேறும். அப்புறம் சயான் பாலத்து மேல டமார்!

இன்னொரு பயல் டியூப்லெஸ் போடச் சொன்னானாம். இந்தச் சைஸ் லாரி டியூப்லெஸ்ஸு 22.5 இஞ்சு ரிம்முக்குல்லா வருது? ஒன்னோட 20 இஞ்சுல எப்படில ஏறும்? ரிம்மு அத்தனையும் மாத்தணும். செருப்பு வாங்கிட்டுக் காலை வெட்டுத கதைதான்.

வெள்ளைப் பட்டை போட்ட டயரை வெளிநாட்டுல இருந்து வரவழைக்கணுமாம். பாண்டுப்புல தொழிற்சாலை வச்ச சியட் கம்பெனி இங்க தொடங்குனது 1958ல. ஒன் வண்டி ஊரு டயர்ல ஓடி வளந்தது, அதுக்கு இல்லாத பந்தா ஒனக்கு எதுக்கு? மாட்டுங்காவுல நின்னுக்கிட்டே ஃபில்டர் காப்பி குடிக்குற சனம் டயரைப் பாத்தா காசு குடுக்கும்?

குர்லா சி.எஸ்.டி. ரோட்டுல பழைய டயரை மலிவா அள்ளிட்டு வரலாம்னு நெனைக்காத. கட்டை நல்லா இருக்கேன்னு ஏமாறுவ. நிக்கிற வண்டிக்கு டயர் தேயாது, காஞ்சு வெடிக்கும். பக்கத்துல நாலு எண்ணைத் தேடு. 2319னு இருந்தா 2019ல 23-வது வாரம் செஞ்சது. வெரலால பக்கத்தை அழுத்து. மயிர் மயிராக் கீறல் தெரிஞ்சா, கடைக்காரன் எவ்வளவு சத்தியம் பண்ணுனாலும் எந்திரிச்சு வந்துரு.

டியூப்பும் ஃபிளாப்பும் புதுசாப் போடு. பழைய ரிம்முல லாக் ரிங் இருக்கும். அது சரியா உக்காராம காத்தடிச்சா பிச்சுக்கிட்டுப் பறக்கும், ஆளைக் கொன்னே போட்டுரும். அந்தப் பக்கம் குனிஞ்சு நின்னு ரீல்ஸ் எடுக்காத, சொல்லிட்டேன். பழகுன பஞ்சர்கார பாயிகிட்ட வேலையை விட்டுட்டு எட்டிப் போய் நில்லு.

இன்னைக்கே போயி ரிம்மைத் தேய்ச்சுப் பாரு. முன்னால ரெண்டு, பின்னால நாலு, ஸ்டெப்னி ஒண்ணு. ஏழையும் ஒரே அளவுல வாங்கு.