தாலி கொண்டு வரச் சொன்ன டீச்சர்

கேள்வி: ஐயா, மலாய்ப் பள்ளியில் படிக்கும் என் பேத்தி, "பாட்டி, டீச்சர் நாளைக்குத் தாலி எடுத்துட்டு வரச் சொன்னாங்க" என்கிறாள். என் மருமகள் கழுத்தைப் பொத்திக்கொண்டாள். என்ன செய்வது?
- தோட்டத்துப் பாட்டி, பாரோய்

பதில்: மருமகளைக் கையை எடுக்கச் சொல்லுங்கள், அம்மா. மலாயில் தாலி என்றால் கயிறு. டீச்சர் கேட்டது அநேகமாகத் தாலி ராஃபியா. மளிகைக் கடையில் சிவப்பு, நீலம் என்று உருண்டை உருண்டையாகக் கிடக்குமே, அந்தப் பிளாஸ்டிக் கயிறு. இடுப்பு வார் தாலி பிங்காங், கழுத்துப்பட்டை தாலி லேஹேர். வயலுக்கு நீர் கொண்டுபோகும் வாய்க்கால்கூடத் தாலி ஆயிர். நாம் தாலிக்கயிறு என்றால், மலாய்க்காரர் காதில் அது கயிற்றுக்கயிறு!

கேள்வி: அப்படியென்றால் மலாயின் இந்தத் தாலியும் நம்மிடமிருந்து போன சொல்தானே?
- கல்லூரி மாணவர், பாரோய்

பதில்: இல்லை, தம்பி. கடை கெடாய் ஆனது, கப்பல் காப்பால் ஆனது, தோட்டத்தில் ஆள் மேய்த்த தண்டல் தண்டில் ஆனார். இவை நாம் கொடுத்தவை. அவர்களுடைய கெத்தாவை வாங்கி நாம் ரப்பர் மரத்தைக் கித்தா மரம் என்றோம். தாலி அப்படியில்லை. பிலிப்பைன்ஸின் தகாலோகிலும் தாலி என்றால் கயிறுதான்; அது மலாயின் சொந்தக் குடும்பச் சொத்து. ஒலி ஒன்றாக இருந்தாலே உறவு கொண்டாடினால் எஸ்தோனியாவுக்கும் பத்திரிகை வைக்க வேண்டிவரும். அங்கே தாலி என்றால் குளிர்காலம். பக்கத்து ஃபின்லாந்தில் கொழுப்பு. பனிக்காலத்தில் அதை உருண்டை பிடித்துக் குருவிகளுக்குத் தொங்கவிடுகிறார்கள். பாரோய் ஸ்டேடியத்தில் கோல் விழும்போது ஓர் இந்திக்காரர் "தாலி, தாலி" என்று கத்தினால் மிரளாதீர்கள், கைதட்டச் சொல்கிறார்.

கேள்வி: ஆண்கள் தாலி கட்டிக்கொண்டால் என்ன?
- புதுமணப்பெண், சிரம்பான்

பதில்: கட்டியிருக்கிறார்களே! சங்க காலத்தில் தாலி பிள்ளைகளின் அணி. தலையாலங்கானத்துப் போர் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியன், தாலியைக்கூடக் கழற்றாத இளம் வயதில் களத்துக்குப் போனதை இடைக்குன்றூர் கிழார் வியந்து பாடியது புறநானூற்றில் இருக்கிறது. திருமாலின் ஐந்து ஆயுதங்களைக் கோத்தது ஐம்படைத்தாலி. பெண்ணின் கழுத்துக்கு மட்டும் என்றானது பிறகுதான். கணவரிடம் தாராளமாகக் கேளுங்கள்.

கேள்வி: கல்யாணத்துக்கு வரும் மலாய்த் தோழிக்கு நம் தாலியை எப்படி விளக்குவது?
- மணப்பெண்ணின் அக்கா, பாரோய்

பதில்: அவர் மொழியிலேயே வழி இருக்கிறது. கயிறு என்ற அந்தத் தாலியிலிருந்துதான் பெர்தாலியான் என்ற சொல்லை உண்டாக்கியிருக்கிறார்கள். பொருள், உறவு; இரத்த உறவு என்றால் பெர்தாலியான் டாரா. மூன்றாம் முடிச்சு விழும்போது தோழியின் காதில் பெர்தாலியான் என்று மட்டும் சொல்லுங்கள், போதும்.