கோழிக்குஞ்சுக்கா சார்?

மஸ்கட்டிலிருந்து வந்த சித்தப்பா அந்த ஸ்டீரியோ ரிசீவரை மாயவரத்து வீட்டுக் கூடத்தில் இறக்கியதும் முதலில் அதற்குக் குங்குமப் பொட்டு. அடுத்தது தபால் ஆபீஸ். வானொலி கேட்க அப்போது லைசென்ஸ் வேண்டும். பணத்தைக் கட்டினால் சின்னப் புத்தகம் ஒன்றில் முத்திரை குத்தித் தருவார்கள், அதோடு சரி. இன்று பாட்டுக் கேட்கும் செயலி பக்கம் பக்கமாக நிபந்தனைகளை நீட்டுகிறது. ஒரு வரிகூடப் படிக்காமல் சம்மதித்துவிட்டு, சுதந்திரமாகக் கேட்பதாக நினைத்துக்கொள்கிறோம்.

பட்டனை அழுத்தினால் நீளக் கண்ணாடிக்குள் பச்சை வெளிச்சம் பரவும். எஃப்எம்முக்கென்று தனி வரிசை உண்டு. சென்னையில் 1977-லேயே எஃப்எம் வந்துவிட்டது என்றாலும் மாயவரத்துக்கு அது எட்டவில்லை. ஆகவே 88 முதல் 108 வரை ஒரே உஸ்ஸ்தான். வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் சித்தப்பா அதையும் போட்டுக் காட்டுவார். "இரைச்சல்கூட எவ்வளவு சுத்தமா வருது பாருங்க, ஜப்பான்!"

செட் மக்கர் செய்தால் எங்கள் ஆராய்ச்சி எளிமையானது. பக்கத்து வீட்டில் கரண்ட் இருக்கிறதா என்று ஒரு குரல் கொடுப்போம். இருந்தால் செட்டின் தலையில் ஒரு தட்டு. அதற்கும் மசியாவிட்டால் கடைத்தெரு மெக்கானிக். அவர் வந்ததும் செட்டைப் பார்க்கமாட்டார்; அதன்மேல் சித்தி பின்னிப் போட்டிருந்த பூவேலைத் துணியைத்தான் பார்ப்பார். "அது மூச்சு விடுற இடத்தை மூடி வச்சா எப்படிம்மா?" மேல்மூடியில் துளைகள் இருப்பது சூடு வெளியேறத்தான். அதை அடைத்துவிட்டால் உள்ளே இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்கள் சீக்கிரமே காய்ந்துவிடும். சித்தி பணிவாகத் துணியை எடுப்பார். மெக்கானிக்கின் சைக்கிள் தெருமுனை திரும்பியதும் மறுபடி போடுவார்.

சித்தப்பா காலத்துக்குப் பிறகு செட் சென்னைக்கு, என்னிடம் வந்தது. போன மழைக்காலத்தில் ஒருநாள் பட்டனை அழுத்தினால் விளக்கும் இல்லை, ரிலே சத்தமும் இல்லை. இந்தக் காலத்தில் யோசனைக்கா பஞ்சம்! அக்கா மகன் அரை மணி நேரம் வீடியோ பார்த்துவிட்டு, கண்டன்சர் அத்தனையையும் மாற்ற வேண்டும் மாமா என்று தீர்ப்புச் சொன்னான். பிளக் பாயின்டில் கரண்ட் வருகிறதா என்று பார்க்கச் சொல்லும் அளவுக்கு எளிமையான வீடியோ எதுவும் அவனுக்கு அகப்படவில்லை போலிருக்கிறது.

ரிச்சி தெருப் பக்கம் விசாரித்ததில், பழைய செட்டுகளை இன்னமும் தொடுகிற பெரியவர் ஒருவர் கிடைத்தார். முதல் வேலையாக ஃபியூஸைக் கழற்றி மீட்டர் வைத்தார். "கண்ணுக்கு நல்லாத்தான் சார் தெரியும், தொப்பிக்குள்ள விட்டிருக்கும்." விட்டிருக்கவில்லை. அடுத்து, சுவரில் செருகாத பிளக்கின் இரண்டு முனைகளில் மீட்டரை வைத்துக்கொண்டு பட்டனை அழுத்தச் சொன்னார். முள் அசையவில்லை. மூடியைத் திறந்து டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியில் நேராக வைத்ததும் அசைந்தது. அக்கா மகன் ஆவலாக விரலை நீட்ட, "தம்பி, பிளக்கைப் பிடுங்கினாலும் பெரிய கண்டன்சர்ல சார்ஜ் நிக்கும்" என்று தள்ளி உட்காரவைத்தார்.

பழுது பவர் சுவிட்சில். செட்டுக்குப் போகிற கரண்ட் முழுவதும் அந்தச் சின்னப் பட்டன் வழியாகத்தான் போக வேண்டும். அழுத்துகிறபோதெல்லாம் ஒரு பொறி. இத்தனை வருஷப் பொறியில் உள்ளே கான்டாக்ட் கரிந்துவிட்டது. அதற்காகச் சுவிட்சைத் தாண்டி ஒயரைப் போட்டு உடனே 230 வோல்ட் கொடுத்துவிட அவர் சம்மதிக்கவில்லை. சீரிஸ் போர்டு வேண்டும், அதில் 100 வாட் குண்டு பல்பு வேண்டும் என்றார். கரண்டை அந்தப் பல்பு வழியாகவே விடுவார்கள். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழுவீச்சில் எரியும், செட் பிழைக்கும். எல்லாம் சரியென்றால் பளிச்சென்று எரிந்து மங்கிவிடும். எல்இடி பல்புக்கு இந்த வித்தை வராது.

குண்டு பல்பு தேடிப் போனேன். எந்தக் கடையிலும் எல்இடி. வாரன்டி, மூன்று நிறம், ரிமோட். 100 வாட்டென்றதும் ஒரு பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். கடைசியில் ஒரு பழைய எலெக்ட்ரிக்கல் கடைக்காரர், பரணிலிருந்து தூசி தட்டி எடுத்துக்கொண்டே கேட்டார்: "கோழிக்குஞ்சுக்கா சார்?" குஞ்சுகளுக்குச் சூடு காட்டுகிறவர்கள்தான் இப்போது வாங்குகிறார்களாம். ஆமாம் என்றேன், அதுதான் சுருக்கமான பதில்.

பல்பு பளிச்சிட்டு மங்கியது. சில வினாடியில் ரிலே 'டக்' என்றது. பச்சை வெளிச்சம் வந்தது. பொருத்தமான சுவிட்ச் ரிச்சி தெருவிலும் இல்லை. பெரியவர் ஒயரை நேராக இணைத்து, சுவர் சுவிட்சிலேயே போட்டு அணைக்கச் சொல்லிவிட்டார். முன்பக்கப் பட்டன் இனி அழகுக்கு. அலமாரியில் இருக்கும் புது ஆம்ப்ளிஃபையரை ரிமோட்டில் அணைத்தாலும், சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டு இரவெல்லாம் கரண்ட் குடிக்கிறது. சித்தப்பாவின் செட் அணைந்தால் அணைந்ததுதான்.

எஃப்எம் இப்போது வரிசை முழுக்க வருகிறது, விளம்பரங்களோடு. மீடியம் வேவுக்குத் திருப்பினால் காதைக் கிழிக்கும் இரைச்சல். எல்இடி விளக்கு, சார்ஜர், மோடம் எல்லாவற்றின் சத்தத்தையும் இது கர்மசிரத்தையாகப் பிடிக்கிறது. அவற்றை ஒவ்வொன்றாக அணைத்தால் எங்கோ ஒரு நிலையம் மெல்லக் கேட்கும். வைஃபை எப்போது வரும் என்று உள்ளறையிலிருந்து மகள் கேட்கிறாள். செய்தி முடியட்டும் என்றேன்.