முனகலியல்: வீட்டு ரோடு பைக் குறித்து ஒரு முன்னாய்வு

ரோடு பைக்கை வீட்டிலேயே பழுதுபார்க்கும் மரபுக்கு மூல ஆதாரங்கள் மிகச் சிலவே. அவற்றுள் தலையாயது மாடிப்படிச் சுவரில் பதிந்த கிரீஸ் கை (சுவர், முதல் அச்சு). கட்டைவிரல் மட்டும் தனியே ஃபேன் சுவிட்சில் காணப்படுவதால் அது இடைச்செருகல் என்பர் ஒரு சாரார். வீட்டம்மாவோ இரண்டும் ஒரே ஆள் வேலை என்றே கொள்கிறார்.

பராமரிப்பு நான்கு வகைப்படும்.

காற்று: டயருக்குள் இருக்க வேண்டியது, பெரும்பாலும் இருப்பதில்லை.

செயின்: ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையே அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. புதுச் செயினில் 24 கண்ணி சேர்ந்தால் சரியாக 12 அங்குலம். தேயத் தேய இது நீளும். நீண்ட செயினை மாற்றாமல் ஓட்டினால் பின்சக்கரப் பற்களையும் அது சேர்த்துத் தின்றுவிடும் (கிழிந்த வேட்டி, கரைப்பக்கம்).

கியர்: செயினைப் பல் மாற்றும் டெரெய்லரில் எச், எல் என இரு திருகுகள் உண்டு. செயின் இரு கோடியிலும் எல்லை தாண்டி விழாமல் காப்பதே அவற்றின் வேலை. நடுக் கியர்கள் தடுமாறினால் கோளாறு பெரும்பாலும் கேபிளின் இழுவையில் இருக்கும். கேபிள் முனைத் திருகைக் கால் சுற்று திருப்பினாலே சரியாகலாம். எனினும் ஆர்வலர் முதலில் கைவைப்பது எச், எல் மீதுதான்.

நான்காவது, ஓசை. அறிஞருலகம் இரண்டுபட்டது இங்கேதான்.

பெடலை அழுத்தும்போதெல்லாம் ‘க்ரிக்’ என்று ஒரு முனகல். கிராங்க் சுழலும் அச்சைத் தாங்கும் பாட்டம் பிராக்கெட்டே குற்றவாளி என்பது முதல் பள்ளி. இப்பள்ளியினர் கிராங்கைக் கழற்றுவர், அதற்கெனத் தனி ஸ்பேனர் வாங்குவர், பேரிங்கை மாற்றுவர், மீண்டும் பூட்டுவர். முனகல் அப்படியே இருக்கும். உடனே புது பேரிங்கும் போலி என்று அறிவிப்பர். மூலத்தைப் புரட்டாமல் முன்னவர் அடிக்குறிப்பையே வழிமொழிந்து முனைவரானவர்களுக்கு இந்த ஆய்வுமுறை பழக்கமானதே.

ஃபிரேம் என்பது உள்ளீடற்ற குழாய்களின் கூட்டு. ஓரிடத்து ஓசை வேறிடத்தில் கேட்கும். ஆகவே எழுந்து நின்று மிதித்துப் பார் என்கிறது இரண்டாம் பள்ளி. ஓசை நின்றால் சீட்டையும் சீட் போஸ்ட்டையும் சந்தேகி. மிதிப்பதை நிறுத்தியும் ஓசை தொடர்ந்தால் சக்கரத்தைப் பார். அலுமினிய சீட் போஸ்ட்டை உருவித் துடைத்து கிரீஸ் தடவு. கார்பன் என்றால் கிரீஸ் கூடாது, அதற்கென்று விற்கும் கார்பன் பேஸ்ட்தான். (விரிவுக்கு: பழைய பனியன், முதுகுப்புறம், மூன்றாம் திருத்திய பதிப்பு, ஊறவைத்ததில் நடுப்பகுதி சிதைந்தது. ஒப்புநோக்குக: சோபா உறை, வடமேற்கு மூலை. இதன் ஆசிரியர் தம் பங்கை இன்றுவரை மறுத்துவருகிறார்.)

பெடல் மரையில் மண் சேர்ந்தாலும் இதே முனகல் எழும். இடது பெடலின் மரை எதிர்த்திசை. அதைக் கழற்ற வலஞ்சுழியாகத் திருக வேண்டும். இதை மறுத்து ஸ்பேனர்மேல் ஏறி நின்றவர்களின் முழங்கால் காயங்கள் தனித் தொகுதியாக வெளியிடத் தக்கவை.

இத்தனைக்குப் பிறகும் ஓசை ஓயவில்லையா? ஷூவின் அடியில் இருக்கும் கிளீட்டைப் பாருங்கள். அதன் திருகு தளர்ந்தாலும் இப்படித்தான் முனகும். அதற்கு பைக்கைக் கழற்ற வேண்டியதில்லை. ஷூவைக் கழற்றினால் போதும்.