பாப்பா லைசென்ஸ்

குயின்ஸ், நியூயார்க்
ஜூலை 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். பாப்பா, உங்கள் மருமகள், ஜன்னல் ஏசி மூவரும் நலம். மூன்றாமவரைத்தான் நாங்கள் அதிகம் கவனித்துக்கொள்கிறோம்.

நீங்கள் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பிய மெமோ கிடைத்தது. பாப்பா தெருவில் நனைகிற போட்டோவை அனுப்பினால், அம்மா கண்ணுக்குப் பட்டது ஈரத் தலை. உங்கள் கண்ணுக்குப் பட்டது அவளுக்குப் பின்னால் நிற்கும் ஹைட்ரண்ட். "தீயணைப்புக் குழாயைத் தெருவுல திறந்துவிட எவன் அதிகாரம் குடுத்தான்? மெயின்ல பிரஷர் என்ன ஆகும்? தண்ணி எங்க போகுது? எழுத்து மூலமா பதில் வேணும்." தெருக்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வேலையிலிருந்து ரிட்டயர் ஆன பிறகும் விளக்கம் கேட்கிற குரலில் ஒரு பிசிறு இல்லை. ஆகவே எழுத்து மூலமாகவே சமர்ப்பிக்கிறேன்.

முதலில் வெயில். "அமெரிக்காவுல ஏதுடா வெயில்" என்று சித்தப்பா சிரித்தாராமே. ஜூன் 24ஆம் தேதி இங்கே கென்னடி விமான நிலையத்தில் 102 டிகிரி. நம் கணக்கில் 39. சித்தப்பா 39 டிகிரியில் நடந்தே மார்க்கெட் போய்ப் புடலங்காய் வாங்கி வருவார், தெரியும். ஆனால் இந்த ஊர்ச் செங்கல் கட்டடங்களெல்லாம் குளிருக்குப் பயந்து கட்டியவை. உள்ளே வந்த சூட்டை வெளியே விடுவதில்லை. சுரங்க ரயில் நடைமேடையில் நின்றால் இட்லிப் பானைக்குள் நிற்பது போல இருக்கிறது. நானும் கெட்டுப்போய்விட்டேன். முப்பது டிகிரிக்கே முனகுகிறேன். இந்த ஊர்க்காரர்கள் இன்னும் மோசம். 80 டிகிரியைத் தொட்டால் போதும், பூங்காத் துறை விளையாட்டுத் திடல்களில் நீர்த்தாரைகளைத் திறந்துவிடுகிறது. 80 என்றால் 27. அம்மா மஃப்ளர் தேடுகிற வெப்பநிலை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அதிகாரம் கொடுத்தது தீயணைப்பு நிலையமே. பதினெட்டு வயது நிரம்பிய யாரும் அடையாள அட்டையோடு போய்ப் படிவம் நிரப்பிக் கையெழுத்துப் போட்டால், ஹைட்ரண்டின் வாயில் பொருத்துகிற, ஓட்டை போட்ட ஒரு மூடியைத் தருவார்கள். கட்டணம் இல்லை. மூடி இல்லாமல் திறந்தால் 1,000 டாலர் வரை அபராதம், அல்லது 30 நாள் வரை சிறை, அல்லது இரண்டும். சட்டத்தில் இந்த 'இரண்டும்' எனக்குப் பிடித்திருக்கிறது.

நான் எப்படிப் போயிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, பாஸ்போர்ட் அளவுப் படம், எல்லாவற்றுக்கும் நகல். தீயணைப்பு வீரர் ஓட்டுநர் உரிமத்தை மட்டும் ஒரு கண் பார்த்தார். மற்ற ஃபைலைச் சமையல் குறிப்போ என்று நினைத்திருப்பார். கையெழுத்து வாங்கிக்கொண்டு, "ஜாலியா இருங்க" என்றார். ஒரு அரசாங்க அலுவலகத்தில், மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, இப்படி ஒரு வார்த்தை என் ஆயுளில் கேட்டதில்லை. "சார், வேற ஏதாவது கொண்டுவரணுமா?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

பிரஷர் கணக்கு: மூடியில்லாத ஹைட்ரண்ட் நிமிடத்துக்கு 1,000 காலனுக்கு மேல் கக்கும். நம் அளவில் 3,800 லிட்டர். நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் லாரி மூன்றேகால் நிமிடத்தில் காலி. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு முதல் தண்ணீர் ரயில் வந்த அன்று வில்லிவாக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "25 லட்சம் லிட்டர்டா, அம்பது வேகன்டா" என்று போனில் சொன்னீர்களே, அந்த ரயில் முழுவதும் ஒரே ஒரு ஹைட்ரண்டில் பதினோரு மணி நேரம்கூடத் தாங்காது. நீங்கள் பயந்தது சரிதான். நாலு தெருவில் நாலு பேர் திறந்துவிட்டால், ஐந்தாவது தெருவில் தீப்பிடிக்கும்போது அணைக்க வருகிறவர்களுக்குத் தண்ணீரில் வேகம் இருக்காது. எதிரே நிற்கும் குழந்தையையும் அந்தத் தாரை தள்ளிவிடும். மூடி போட்டால் நிமிடத்துக்கு 20 முதல் 25 காலன்தான், அதாவது 75 முதல் 95 லிட்டர். போட்டோவில் நீங்கள் பார்த்தது அது. இன்னொன்று, உங்களுக்குப் பிடிக்கும்: திறக்கும் நட் ஐந்து மூலை. சாதாரண ஸ்பேனர் போட்டால் வழுக்கும். தெருப் பையன்கள் கைவைக்காமல் இருக்க அப்படி. நீங்கள் உற்சவ மூர்த்தியைப் போலத் தோளில் சுமந்து திரிந்த வால்வு சாவி இங்கே செல்லாது.

மூடி போட்டுத் தண்ணீர் பீய்ச்சியதும் கொலம்பியா, வங்காளதேசம், திபெத் என்று தெருவிலிருந்த அத்தனை தேசத்துப் பிள்ளைகளும் ஓடி வந்தார்கள். எனக்கு மட்டும் உடம்பு பதறியது. நல்ல குடிதண்ணீர், அப்பா. சாக்கடையைப் பார்த்து ஓடுகிறது. என்ன செய்கிறேன் என்று தெரியாமல் மாடிக்கு ஓடி பக்கெட்டை எடுத்து வந்து பிடித்தேன். உங்கள் மருமகள் தலையில் அடித்துக்கொண்டு, ஆனால் இன்னொரு பக்கெட்டோடு, பின்னாலேயே வந்தாள். இதுவும் ஒரு விளையாட்டு என்று நினைத்து மற்ற வீட்டுப் பெரியவர்களும் பக்கெட், ஒருவர் குப்பைக்கூடைகூட எடுத்துவந்து வரிசையில் நின்றார்கள். வரிசையில் இடம் பிடிக்க நான் செருப்பை வைத்ததை யாரும் புரிந்துகொள்ளவில்லை. பிடித்த தண்ணீரை என்ன செய்வது என்று நான் யோசிப்பதற்குள், வங்காளதேசத்துப் பையன் ஒருவன் என் பக்கெட்டைத் தூக்கி என் தலையிலேயே ஊற்றினான். போன் பாக்கெட்டில் இருந்தது. அந்த வாரம் உங்கள் போனை எடுக்காததற்கு விளக்கமும் இதுவே.

ஹைட்ரண்ட் எப்போதாவதுதான். பெரும்பாலும் போவது பக்கத்துப் பூங்காவின் விளையாட்டுத் திடலுக்கு. நிறைய வட்டார விளையாட்டுத் திடல்களில் இப்படி ஸ்ப்ரே ஷவர் உண்டு, காசு இல்லை. தரையிலிருந்து தாரைகள் எழும், கம்பத்திலிருந்து பொழியும், தண்ணீர் குட்டையாகத் தேங்காது. மூழ்க வழியில்லை என்பதால் அம்மா பயப்பட வேண்டாம்.

ஆனால் திடலின் வாசலில் ஒரு பலகை. பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையின் துணையோடு வந்தால் மட்டுமே பெரியவர்களுக்கு அனுமதி. இன்னொரு தரம் படியுங்கள். எனக்குத்தான் துணை வேண்டும். கெட்ட எண்ணத்தோடு சுற்றுகிறவர்களைத் தடுக்கத்தான் என்கிறார்கள், நியாயம்தான். ஆனால் சட்டம் விளையாட்டில்லை. 2010இல் இன்வுட் ஹில் பூங்காவில், கல்மேசையில் செஸ் ஆடிக்கொண்டிருந்த ஏழு ஆண்களுக்குச் சம்மன் கொடுத்தது போலீஸ். மேசைகள் விளையாட்டுத் திடலுக்குள் இருந்தன, ஆடியவர்களிடம் குழந்தை இல்லை. அடுத்த ஆண்டு புரூக்ளினில் திடலுக்குள் டோனட் தின்ற இரண்டு பெண்களுக்கும் அதே சம்மன். நீங்களும் எதிர்வீட்டு மாமாவும் திண்ணையில் செஸ் ஆடுகிறீர்களே, இங்கே அதற்கு ஒரு பேரப்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டும்.

ஆக, பாப்பாதான் என் லைசென்ஸ். அவள் படிக்கக் கற்றுக்கொண்டதுதான் வினை. ஒருநாள் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்து முடித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்பா, நான் வெளிய வந்துட்டா நீயும் வரணும்ல?" அன்றிலிருந்து எங்கள் வீட்டு அதிகாரம் கைமாறிவிட்டது. ஐஸ்க்ரீம் வண்டியின் பாட்டு தூரத்தில் கேட்டாலே திடலின் கேட்டுப் பக்கம் இரண்டு அடி வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கிறாள். நான் பர்ஸை எடுக்கிறேன்.

இதில் எனக்கு உள்ள சட்டச் சந்தேகங்களை நம் வக்கீல் பெரியப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். 'துணையோடு' என்றால் எத்தனை அடி தூரம்? அவள் கழிவறைக்குப் போனால் அந்த நேரத்தில் நான் யார்? ஒரு குழந்தைக்கு எத்தனை பெரியவர்கள் உள்ளே வரலாம், ரேஷன் கார்டு மாதிரி உச்சவரம்பு உண்டா? எங்கள் மூன்றாம் மாடியில் ஒரு மதுரைப் பையன், கல்யாணம் ஆகாதவன். "அண்ணே, பாப்பாவை ஒரு மணி நேரம் தர்றீங்களா, வெயில் தாங்கல" என்று கேட்டான். வாடகை வாங்கலாமா என்று யோசித்தேன், உங்கள் மருமகள் முறைத்தாள்.

போன ஞாயிறு லைசென்ஸ் சொல்லாமல் கொள்ளாமல் தன் தோழியோடு வெளியே போய்விட்டது. நான் உள்ளே, பனியனும் அரைக்கால் சட்டையுமாக, நனைந்து, ஒற்றையாக. வேலிக்கு அந்தப் பக்கம் சீருடை ஒன்று நடந்து போகிறது. தினமும் மூன்று பேரன்களோடு வரும் வங்காளதேசப் பாட்டி என் நிலைமையைப் புரிந்துகொண்டு, உபரியாக இருந்த ஒரு பேரனை என் பக்கம் தள்ளிவிட்டார். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அடிவயிற்றிலிருந்து ஓலமிட்டான். திடல் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. சீருடை நின்றது. அதற்குள் ஐஸ்க்ரீம் வழியும் கையோடு பாப்பா வந்து, "இது என் அப்பா" என்று என்னை மீட்டாள். இரண்டாவது ஐஸ்க்ரீமுக்கு நான் மறு பேச்சு பேசவில்லை.

உள்ளே ஒரு கம்பத்தில் பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் சில நிமிடம் தண்ணீர் வரும், தானாக நின்றுவிடும். முன்பெல்லாம் திறந்தால் நாள் முழுக்க ஓடுமாம். விளையாட்டின் நடுவே ஓடிவந்து பொத்தானை அழுத்த எந்தப் பிள்ளைக்கும் பொறுமை இல்லை. ஆகவே எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். தண்ணீர் நின்றதும் நாலு மொழியில் கத்துகிறார்கள், நான் அழுத்துகிறேன். வாரிசு அடிப்படையில் பணி நியமனம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்பா. குழந்தைகள் உதடு நீலமாகும் வரை சப்ளை தடையின்றி வழங்கப்படுகிறது.

தண்ணீர் எங்கே போகிறது என்ற கேள்விக்கு: சாக்கடைக்குத்தான். வயிறு எரியும், தெரியும். ஆனால் திரும்பச் சுற்றவிடுவதில் வேறு வம்பு இருக்கிறது. இதே மாநிலத்தில் செனிக்கா ஏரிப் பூங்காவில் 2005இல் சுழற்சித் தண்ணீரில் விளையாடி ஆயிரக்கணக்கானவர்களுக்கு வயிற்றுப்போக்கு. காரணம், கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி. நீங்கள் நம்பும் குளோரின் அதை அசைக்காது. அதன் பிறகு, இந்த மாநிலத்தில் சுழற்சித் தண்ணீர் விளையாட்டிடங்களுக்குப் புற ஊதா விளக்கு கட்டாயமாயிற்று. தண்ணீரை வாயில் வைக்காதே என்று பாப்பாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். நீங்கள் என்னிடம் சொன்னபோது நான் கேட்ட அளவுக்கு அவளும் கேட்கிறாள்.

சுழற்சியில் அழகானதும் உண்டு. போன வருஷம் சிகாகோவில் பார்த்தோம். கண்ணாடிச் செங்கலில் எதிரெதிரே இரண்டு கோபுரம், ஐம்பது அடி உயரம். 2004இல் திறந்தது, ஜௌமே பிளென்சா என்ற ஸ்பெயின் சிற்பி செய்தது. அந்த ஊர் ஜனங்களின் முகம் ஒவ்வொன்றாகத் திரையில் வரும். கண் சிமிட்டும், புன்னகைக்கும், பிறகு உதட்டைக் குவித்துக் கீழே நிற்கிற பிள்ளைகள் தலையில் தண்ணீரைத் துப்பும். பிள்ளைகள் சண்டை போட்டு இடம்பிடித்து அந்தத் துப்பலில் நிற்கிறார்கள். அத்தைக்கு வீடியோ அனுப்பவில்லை. ஆசாரம் போய்விடும்.

தண்ணீர் வரும் கதையையும் கேளுங்கள். வடக்கே மலைகளில், 200 கிலோமீட்டர் தூரம் வரைக்கும் தள்ளி நீர்த்தேக்கங்கள். அநேகமாக முழுக்கவும் சரிவிலேயே ஓடி வருகிறது. மோட்டார் இல்லாமல் ஆறாவது மாடி வரை தானே ஏறும். அதற்கு மேலே உள்ள கட்டடங்களுக்கு மொட்டைமாடியில் மரத்தொட்டி. எங்கள் வீட்டில் சம்ப் இல்லை, மோட்டார் இல்லை, "தண்ணி வருது" என்ற குரலும் இல்லை. பெருமையாகத்தான் எழுதுகிறேன். ஆனால் விடிகாலை நாலு மணிக்குத் தானாக விழிப்பு வருவது மட்டும் இன்னும் நிற்கவில்லை.

விளக்கம் கொடுத்தாயிற்று, என் தரப்பிலும் ஒரு கேள்வி. எட்டுத் தெருவின் சாவி உங்கள் தோளில் இருந்தது. கடைக்கோடி வீட்டுக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்த பிறகுதான் நம் வீட்டுப் பக்கம் திருப்புவீர்கள். நான் காய்ச்சலாகக் கிடந்த அன்றும் அப்படித்தான். அம்மா ஒரு வார்த்தை சொன்னதில்லை. பாதி வாளியில் குளித்துவிட்டு ஸ்கூலுக்கு ஓடிய எனக்குக் கோபம் இருந்தது. அது போய்விட்டது என்று எழுத நினைத்தேன். பாப்பா தலைமேல் கொட்டுகிற தண்ணீரைப் பார்க்கிறபோது அது கொஞ்சம் திரும்ப வருகிறது. ஒரே ஒரு நாள், ஐந்து நிமிடம் முன்னதாகத் திருப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதற்கு எழுத்து மூலம் பதில் வேண்டாம்.

நேரில் வந்து சொல்லுங்கள். அவசரம் இருக்கிறது. பாப்பாவுக்கு ஏழு முடிந்து எட்டு நடக்கிறது. பன்னிரண்டு ஆனதும் லைசென்ஸ் காலாவதி, புதுப்பிக்க உங்கள் மருமகளுக்கு உத்தேசம் இல்லையாம். அதற்குள் வந்தால் உங்களை உள்ளே அழைத்துப்போவாள். பொத்தான் வேலையை உங்களுக்கே விட்டுக்கொடுக்கிறேன், அரை மணிக்கு ஒருமுறை நீங்கள் பிரஷரைக் குறித்துக்கொள்ளலாம். விசா விண்ணப்பத்தை அடுத்த வாரம் நிரப்பி அனுப்புகிறேன், அம்மாவோடு சேர்த்து. நேர்காணலில் எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டால் பேத்தியைப் பார்க்க என்று மட்டும் சொல்லுங்கள். ஹைட்ரண்டை ஆய்வு செய்ய என்று சொல்லிவைக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்