திருடிக்கொடுத்த பறவை

கொடுத்தல் என்னும் வினையின் பெருமை அதற்கு முன்னால் வந்து ஒட்டும் வினையெச்சத்தைப் பொறுத்தது, அதாவது பொருள் முடியாமல் இன்னொரு வினையை எதிர்பார்த்து நிற்கும் சொல்லைப் பொறுத்தது என்பது இலக்கண நூல்கள் சொல்லாமல் விட்ட விதியாகும். மாலையைச் சூடிக்கொடுத்தவளான ஆண்டாளின் ஊராகிய ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அதை ஒட்டிய மடவார் வளாகத்திலும் வாழ்வோருக்குச் சூடிக்கொடுத்தல் பழகிய செய்தி. திருடிக்கொடுத்தலுக்குச் சான்று வேண்டுமாயின் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் வரை போக வேண்டியிருக்கிறது.

அங்கு மாணவர்கள் நடத்தும் இதழ்களுள் இரண்டு பழமையானவை. ஒன்று, 1873இல் வேறு பெயரில் தொடங்கி, பின்னர்க் கருஞ்சிவப்பு நிறத்தைக் குறிக்கும் ‘கிரிம்சன்’ என்ற பெயரை ஏற்ற செய்தி இதழ். மற்றொன்று, பகடி எழுத்தைக் குறிக்கும் சொல்லையே பெயராகச் சூடி 1876இல் பிறந்த ‘லம்பூன்’ என்னும் நகைச்சுவை இதழ். ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு மூட்டிய ஓரகத்திகளைப் போல இவை தலைமுறை தலைமுறையாக ஒன்றையொன்று கண்காணித்து வருகின்றன. இரு இதழாரும் மோதும் மென்பந்தாட்டத்தில் யார் எத்தனை ஓட்டம் எடுத்தாலும், 23க்கு 2 என்ற கணக்கில் தானே வென்றதாகக் கிரிம்சன் அச்சிடுவது மரபாதலின், அந்த ஆட்டம் மைதானத்தில் தொடங்கி அச்சகத்தில் முடிகிறது எனலாம்.

1909இல் எழுந்த லம்பூனின் கோட்டை போன்ற கட்டடத்தின் உச்சியில் ஐபிஸ் என்னும் பறவையின் உலோக உருவம் நிற்கிறது. ராஜபாளையத்துக் கண்மாய்களில் வளைந்த அலகால் சேற்றைக் கிளறும் அரிவாள் மூக்கனின் இனமே அது. 1953இல் கிரிம்சன் மாணவர்கள் அந்தப் பறவையைக் கைப்பற்றியதோடு நில்லாமல், ஐக்கிய நாடுகள் அவையில் சோவியத் நாட்டின் துணைப் பிரதிநிதியாக இருந்த செமியோன் சராப்கினிடம் கொண்டுசென்று, மாஸ்கோ பல்கலைக்கழகக் கட்டடத்தை அலங்கரிக்க லம்பூன் மனமுவந்து அளிக்கும் பரிசு என்று கூறி ஒப்படைத்தனர். ஆயுதம் எடுக்காமலே இரு வல்லரசுகள் முறைத்துக்கொண்டிருந்த பனிப்போர்க் காலம் அது. கம்யூனிஸ்ட் என்ற ஐயம் ஒன்றே ஒருவரின் வேலையைப் பறித்துவிடும் நாட்டில், லம்பூன் தன் பறவையை மாஸ்கோவுக்கு வழங்கிய வள்ளலாகிவிட்டது. கொடுத்ததைத் திரும்பக் கேட்பது பண்பன்று. கொடுக்காததைத் திரும்பக் கேட்பதோ அதைவிடச் சங்கடம். அந்தச் சங்கடத்தை விழுங்கித்தான், பின்னாளில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற ஜான் அப்டைக் அப்போது இடம்பெற்றிருந்த லம்பூன், தன் பறவையை மீட்டது. கோட்டை வாசலில் ஒரு ராஜபாளையம் நாயைக் கட்டியிருந்தால் இவ்வளவு தூதரகச் செலவு நேர்ந்திராது.

லம்பூனும் கடன் வைக்கவில்லை. 2015இல் அதன் மாணவர்கள் கிரிம்சன் ஆசிரியர்களாக வேடமிட்டு, கிரிம்சன் தலைவரின் நாற்காலியைத் தூக்கிச்சென்று, அப்போது அதிபர் தேர்தல் களத்தில் இறங்கியிருந்த டொனால்டு டிரம்பை அதில் அமர்த்திப் படமெடுத்து, கிரிம்சன் அவரை ஆதரிப்பதாக நம்பவைத்தனர். எதிரியின் பெயரில் பரிசும் ஆதரவும் வழங்குவதற்கு அவர்களின் குரலும் நடையும் மனப்பாடமாக இருக்க வேண்டும் என்பதால், ஓர் இதழை வரி விடாமல் படிக்கும் வாசகர் அதன் எதிரியே என்பது இதனால் பெறப்படும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் கையில் இருக்கும் கிளிக்கு இத்தகைய ஆபத்தில்லை. மரவள்ளி இலையும் மாதுளம்பூ அலகுமாக நாள்தோறும் புதிதாகச் செய்யப்பட்டு, பிறகு பக்தருக்குப் பிரசாதமாகவும் போய்ச் சேரும் ஒன்றைத் திருடுவதில் சுவையில்லை. இதழ் என்ற சொல் பூவுக்கும் பத்திரிகைக்கும் பொதுவாக இருப்பதால், அன்றன்று புதிதாக வெளிவரும் இந்தக் கிளியே தமிழகத்தின் முன்னோடி நாளிதழ் என்று மடவார் வளாகத்தில் ஒருவர் வாதிட்டால், அதை மறுக்கக் கிரிம்சனுக்கு 23 காரணங்கள் கிடைக்கமாட்டா. இரண்டு கிடைத்தாலே அதிகம்.